மஞ்சுவுக்கு, பாவுக்குக் கஞ்சி போட்ட கதை

அடியே மஞ்சு,

திட்டாத. உன் பொண்ணு கல்யாணத்துக்கு வரல, போன் எடுக்கல, நீ அனுப்புன அத்தனை போட்டோவுக்கும் ஒத்தக் கட்டைவிரலைக் காட்டிட்டு ஓடிட்டேன், எல்லாம் தெரியும். நீ கோவமா இருக்கேன்னு ராஜி சொன்னா, அவ சொல்றதுல பாதியக் கழிச்சுட்டுப் பாத்தாலும் நியாயமான கோவம்தான். மாப்பிள்ளை பாக்க நல்லா இருக்காரு, உன்ன மாதிரி பேசாம இருந்தா சரி. நாங்க நல்லா இருக்கோம், கார்த்தி வேலை மாறிட்டான், காலேஜ்ல எனக்கு ஹெச்ஓடி பதவியத் தலைல கட்டிட்டாங்க. அவ்ளோதான் நியூஸ்.

இல்ல, அவ்ளோதான் இல்ல. அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சு. உன்கிட்ட சொல்லல. சொன்னா அழுவேன்னு பயம், நீ இல்ல, நான்.

வாரம் மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். சென்னிமலைல இருந்து ஈரோடு கூட்டிட்டுப் போய் பக்கத்துல உக்காந்திருப்பேன். நிமிஷத்துக்கு 250 மில்லி ரத்தம் வெளிய வந்து ஃபில்டர்ல ஓடித் திரும்ப உள்ள போகுது, கணக்குப் போட்டுப் பாரு, நாலு மணி நேரத்துல 60 லிட்டர். அவர் உடம்புல இருக்கறது அஞ்சு லிட்டர்தான், அதுவே திரும்பத் திரும்ப சுத்துது. ஃபில்டரோட எதிர்ப்பக்கம், ரத்தத்துக் கழிவை வாங்கிட்டுப் போக, நிமிஷத்துக்கு 500 மில்லின்னு 120 லிட்டர் தண்ணி. எங்க வீட்டு டிரம்மே அவ்ளோ பிடிக்காது.

அந்த ஃபில்டர் என்னன்னு நினைக்கற, ஒரு கண்ணாடிக் குழாய் சைஸ் பிளாஸ்டிக்குக்குள்ள பத்தாயிரத்துக்கு மேல இழை, ஒவ்வொண்ணும் உள்ள ஓட்டையா இருக்கற இழை, ஓட்டை அகலம் 200 மைக்ரான், அதாவது மில்லிமீட்டர்ல அஞ்சுல ஒரு பங்கு. அப்பா முதநாளே அதைப் பிடிச்சுப் பாத்துட்டு டெக்னீஷியன் பையன்கிட்ட "ஏந்தம்பி, இதுல எத்தன இழை, என்ன கவுண்ட்டு?"ன்னு கேட்டாரு. அந்தப் பையன் முழிச்சான், கவுண்ட்டுன்னா நூலோட சன்ன அளவுன்னு அவனுக்கு எங்க தெரியும். அம்பது வருஷம் தறில உக்காந்த மனுசன் வேற என்ன கேப்பாரு சொல்லு.

இப்ப விஷயத்துக்கு வரேன். அங்க ஒரே ஃபில்டரை அதே ஆளுக்குக் கழுவி மறுபடி மறுபடி போடுவாங்க, பேர் எழுதி ஒட்டி வெச்சிருப்பாங்க, இழைக்குள்ள பிடிக்கிற அளவு முதல்ல இருந்ததுல 80 சதவீதத்துக்குக் கீழ போனா தூக்கிப் போட்டுடுவாங்க. ரெண்டு மாசம் முன்னாடி புது ஃபில்டர் மாத்துன அன்னைக்கு, ஆரம்பிச்சு பத்து நிமிஷம் இருக்கும், அப்பா "அம்மிணி, நெஞ்சு அடைக்குது"ன்னாரு, முதுகு வலி, கையெல்லாம் அரிப்பு, மூச்சு இழுக்குது. நர்ஸ் ஓடி வந்து மெஷினை நிறுத்தி ஊசி போட்டாங்க. அரை மணி நேரத்துல சரியாயிடுச்சு. எனக்கு மட்டும் இன்னும் சரியாகல. அந்தப் பையன் ரொம்ப சாதாரணமா "புது ஃபில்டர்னா சிலருக்கு இப்படித்தாங்க்கா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

வீட்டுக்கு வந்து படுத்தா தூக்கம் வரல. அப்பா முழிச்சுதான் இருந்தாரு. "புதுசு போடற அன்னைக்குத்தான் எனக்கு ஆகறதில்ல. ரெண்டாந்தடவ மூணாந்தடவன்னா சுகமா ஓடுது. கஞ்சி போடாத பாவு நூலைத் தறி அச்சுல ஏத்துனா பிசிறடிச்சு அறுந்துதான போகும்?"ன்னு கேட்டாரு.

மஞ்சு, நான் எந்திரிச்சு உக்காந்துட்டேன். கெமிஸ்ட்ரி வாத்தியார் நான், இதை ஒரு நெசவுக்காரர் எனக்குச் சொல்லித் தராரு.

அப்புறம் படிச்சேன், படிச்சேன், பசங்க பேப்பர் திருத்தாம படிச்சேன். அந்தக் காலத்து ஃபில்டர் பெரும்பாலும் குப்ரோஃபேன், ஞாபகம் இருக்கா, பருத்தி செல்லுலோஸை காப்பர் அம்மோனியாவுல கரைச்சு எடுக்கறது, லேப்ல நாம கையெல்லாம் நீலமாக்கிக்கிட்டோமே அதே கரைசல். ரத்தம் அதுல பட்டதும் கால் மணி நேரத்துல உடம்புல ஓடற வெள்ளையணு எண்ணிக்கை சரசரன்னு விழும். 1968-லயே கவனிச்சுட்டாங்க. காம்ப்ளிமென்ட்னு ரத்தத்துல இருக்கற கிருமி எதிர்ப்புப் புரோட்டீன்தான் காரணம்னு 1977-ல கண்டுபிடிச்சாங்க. செல்லுலோஸ்ல ஒவ்வொரு குளுக்கோஸ் யூனிட்லயும் மூணு ஹைட்ராக்சில், அதாவது ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி, நீட்டிட்டு நிக்குதே, அதுல அந்தப் புரோட்டீன் போய் ஒட்டிக்குது, உடம்பு 'கிருமி வந்துடுச்சு'ன்னு மணி அடிக்குது, வெள்ளையணு எல்லாம் ஓடிப் போய் நுரையீரல் ரத்தக்குழாய்ல அடைஞ்சுக்குது. எங்கப்பா ஆயுசு பூரா நம்புன பருத்தி, அதே மனுசன் ரத்தத்துக்கு ஆகல. அவர்கிட்ட சொன்னேன், கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்தாரு.

வேடிக்கை என்னன்னா அந்த குப்ரோஃபேனையே ஒருதடவ ஓட்டி, பிளீச் போடாமக் கழுவி மறுபடி போட்டா இந்தக் கலாட்டா குறைஞ்சுடும். முதல் தடவை ஒட்டுன புரோட்டீன் ஒரு படலமா உக்காந்து மூடிக்குது. பிளீச் போட்டா படலம் போயிடும், மறுபடி சண்டை. கஞ்சிதான் மஞ்சு! அப்பா சொன்ன கஞ்சியேதான்!

நியாயமாச் சொல்லணும், இப்ப வர்றது பாலிசல்ஃபோன்ங்கற பிளாஸ்டிக், அதுல இந்த வித்தியாசம் ரொம்பக் கம்மி. அப்பாவுக்கு வந்தது ஸ்டெரிலைஸ் பண்ண கெமிக்கல் மிச்சம் இருந்ததாலயும் இருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. இப்ப நீராவில ஸ்டெரிலைஸ் பண்ணுன வேற கம்பெனி ஃபில்டர், முன்னாடியே நிறைய சலைன் விட்டு அலசறாங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் ஆகல, தொடறேன் மரத்தை.

ஆனா விஷயம் தலைக்குள்ள ஏறிடுச்சு. நீ இப்ப இருக்கற நெதர்லாந்துக்காரங்கதான்டி இதுக்கெல்லாம் ஆதி. காம்பன்னு ஒரு ஊர் இருக்காமே, அங்க 1943-ல, ஜெர்மன்காரன் பிடிச்சு வெச்சிருந்த காலத்துல, கோல்ஃப்னு ஒரு டாக்டர் சாசேஜ் சுத்தற செல்லோபேனை ஒரு பெரிய உருளைல சுத்தி அதுக்குள்ள ரத்தத்தை ஓட்டிருக்காரு. முதல்ல வந்தவங்க கிட்டத்தட்ட எல்லாரும் செத்துட்டாங்க. 1945-ல பிழைச்ச அம்மாவுக்கு 67 வயசு, ஊரே வெறுத்த நாஜி ஆதரவாளர். டாக்டர் அதைப் பாக்கல, காப்பாத்திட்டாரு.

இன்னொருத்தர் லியோ வ்ரோமன். அவர் ரத்த ஆராய்ச்சியாளர், கூடவே உங்க டச்சு மொழில பெரிய கவிஞராம், கேள்விப்பட்டிருக்கியா? ஒரு பரப்பு மேல ரத்தம் பட்டா எந்தப் புரோட்டீன் முதல்ல ஒட்டும், அப்புறம் எது அதைத் தள்ளிட்டு உக்காரும்னு கண்டவரு, அதுக்கு அவர் பேரே வெச்சுட்டாங்க. நம்ம பெருந்துறை பஸ் மாதிரி நினைச்சுக்கோ. எண்ணிக்கைல அதிகமா, பொடிசா இருக்கற ஆல்புமின் முதல்ல ஏறி சீட்ல உக்காந்துக்கும், கொஞ்ச நேரத்துல பெருசுங்க வந்து 'இது எங்க துண்டு போட்ட சீட்டு'ன்னு கிளப்பி விட்டுரும். ஆல்புமின் உக்காந்திருந்தா ரத்தம் சும்மா போயிடுது. ரத்தத்தை உறைய வெக்கற ஃபைப்ரினோஜன் வந்து உக்காந்தா பிளேட்லெட் ஒட்டுது, கட்டி தட்டுது, இழை அடைச்சுக்குது. அதான் ரத்தம் உறையாம இருக்க ஹெப்பரின் மருந்து ஊத்தறாங்க. யாரு சீட்ல உக்காரணும்னு பிளாஸ்டிக்கை வெச்சே முடிவு பண்ண முடியுமா, மொத்த ஆராய்ச்சியும் இந்த ஒரு கேள்வியச் சுத்தித்தான்.

அதுக்கு ஆளாளுக்கு ஒரு வழி. பாலிசல்ஃபோன் தண்ணிய வெறுக்கற ஜாதி, அதுல தண்ணி பிடிக்கற பிவிபிங்கற பாலிமரைக் கலந்து சமாதானம் பண்றாங்க. வைட்டமின் ஈ பூசறாங்க. மும்பை ஐஐடில, தண்ணில கரையற வைட்டமின் ஈ வகையான டிபிஜிஎஸ்ஸ பாலிசல்ஃபோனோட சேத்தே இழை எடுத்திருக்காங்க. ஹெப்பரினை மேலயே ஒட்ட வெக்கறாங்க. எனக்குப் பிடிச்சது பிளஸ்ஸும் மைனஸும் ஒரே மூலக்கூறுல இருக்கற ஸ்விட்டரயான் பூச்சு. நம்ம சிவப்பணுவோட வெளிப்பக்கமே அப்படித்தான், அது தண்ணிய இறுக்கிக் கட்டிப்பிடிச்சுக்கும், வர்ற புரோட்டீனுக்கு உக்கார இடமே கிடைக்காது. ஆனா நிஜ ரத்தக்குழாய் சுவர் உயிரோட இருக்கு, நிமிஷத்துக்கு நிமிஷம் நைட்ரிக் ஆக்சைடு விட்டு 'ஒட்டாத, உறையாத'ன்னு சொல்லிட்டே இருக்கு. செத்த பிளாஸ்டிக் எவ்ளோ நடிச்சாலும் அந்த அளவு வராது, இது என் அபிப்பிராயம். அப்புறம் இதெல்லாம் பேசிட்டு இருக்கும்போதே பக்கத்துக் கட்டில் அக்கா பஸ்ஸுக்குக் காசில்லாம ஒரு வாரம் வரலைன்னு தெரியும், அப்ப ஸ்விட்டரயான் எல்லாம் வாய்ல வராது.

சரி, எதுக்கு இவ்ளோ எழுதறேன்னா, துளி மகாராணி, உன் எம்எஸ்சி புராஜெக்ட் ஞாபகம் இருக்கா? ஃபிலிம் மேல தண்ணித் துளி விட்டு, ஓவர்ஹெட் புரொஜெக்டர்ல நிழல் பிடிச்சு, துளி ஃபிலிமைத் தொடற இடத்துல புரொட்ராக்டர் வெச்சு ஆங்கிள் அளந்தியே. நாங்க எல்லாம் சிரிச்சமே, ராஜிதான் ரொம்ப. ஒருநாள் நீ ஹாஸ்டல் முட்டைல இருந்து வெள்ளைக்கரு எடுத்துட்டு வந்து பாலிஸ்டைரீனை அதுல முக்கி அளந்த, 80 டிகிரிக்கு மேல இருந்த ஆங்கிள் அம்பதுக்கு இறங்கிடுச்சு, துளி தட்டையாப் பரவிடுச்சு. சார் 'கன்டாமினேஷன்', அழுக்கு சேந்துடுச்சுன்னு சொல்லி அந்த மூணு பக்கத்தையும் சிவப்பு மைல அடிச்சாரு. நீ அன்னைக்கு சாப்பிடல. நான்கூட "விடுடி, முட்டை வேஸ்ட்டு"ன்னுதான் சொன்னேன்.

அது கன்டாமினேஷன் இல்ல மஞ்சு. கஞ்சி.

அந்த நோட்டு இன்னும் வெச்சிருக்கியா? ஈரோட்டு வீட்டுப் பரண்ல இருந்தா சாவி யாருகிட்டன்னு சொல்லு, நான் போய் எடுத்துக்கறேன். ரெண்டு பொண்ணுங்க இந்த வருஷம் புராஜெக்ட் கேட்டு வந்திருக்காங்க, அதுங்களுக்கு உன் மூணு பக்கத்தத்தான் குடுக்கப் போறேன், முட்டைக்கு டிபார்ட்மெண்ட் காசு. புரொஜெக்டர் போயிடுச்சு, மொபைல் கேமரா போதும்.

வியாழக்கிழமை அப்பாவுக்கு மறுபடி புது ஃபில்டர். போன் பண்ணாத, அங்க சிக்னல் எடுக்காது. எழுது. கல்யாண வீடியோவ அனுப்பு, நாலு மணி நேரம் இருக்கு, முழுசாப் பாக்கறோம், புடவைல என்ன பார்டர்னு அப்பா கேப்பாரு.

உன்
செல்வி