மெஷின் வந்த வருஷம்: நம் பால் சொசைட்டியின் செயலாளர் அறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவும் தணிக்கை அறிக்கையும் தனித்தாளாக உங்கள் கையில் இருக்கின்றன, அதை இங்கே திரும்பப் படித்து நேரத்தைக் கடத்தப் போவதில்லை. தீவனக் கடன், கால்நடை முகாம் இரண்டும் போன வருஷம் போலவே நடந்தன. முகாமுக்கு மாட்டை ஓட்டி வராதவர்கள் யார் யார் என்று அவரவருக்கே தெரியும். மிச்ச நேரம் முழுக்க ஒரே விஷயம்தான்: பாலில் கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் பால் பரிசோதனை மெஷினும், அதனால் நம் சொசைட்டிக்குள் நடந்த கூத்தும்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். மெஷின், மின்னணுத் தராசு, சீட்டு அடிக்கும் பிரிண்டர் மூன்றும் வரப்போகின்றன என்று தெரிந்ததும் நிர்வாகக் குழுவில் வைத்தோம், தீர்மானம் போட்டோம், மேசைக்கு இடம் அளந்தோம், யுபிஎஸ்ஸுக்கு விலை விசாரித்தோம். தினமும் விடிவதற்குள் வந்து ஷட்டரைத் தூக்குகிற மூன்று பணியாளர்களிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டி வந்து இறங்கிய அன்றுதான் பாலைப் பரிசோதிக்கிற டெஸ்டர் அண்ணனுக்கே விஷயம் தெரியும். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரிங்க" என்றார்.

அந்தச் "சரிங்க"வின் அர்த்தம் அடுத்த வாரமே புரிந்தது. ஒரு நாள் கரண்ட் இல்லை. ஒரு நாள் பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டது. இன்னொரு நாள் மெஷினின் குழாய் அடைத்துக்கொண்டது, ஏன் என்று பார்த்தால் முதல் நாள் பால் எடுத்து முடித்ததும் வெந்நீர் விட்டுக் கழுவாமல் விட்டதில் உள்ளே பால் திரிந்து காய்ந்து கிடக்கிறது. யாரும் முடியாது என்று சொல்லவில்லை, யாரும் செய்யவும் இல்லை. நான் கத்தினேன், மெமோ கொடுப்பேன் என்றேன். மறுநாள் பால் அளக்கிறவர் லீவு. நானே அளக்க உட்கார்ந்தேன், வரிசை ரோடு வரை நின்றது, பால் வண்டிக்காரர் காத்திருந்து காத்திருந்து திட்டிவிட்டுப் போனார். அன்று வந்திருந்தவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கிடையில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனேன். பெரும்பாலும் தூக்கம்தான், ஆனால் ஒரு கதை மட்டும் தூக்கத்தைக் கலைத்தது. அமெரிக்காவில் வர்ஜீனியாவில் ஒரு பைஜாமா தைக்கிற ஆலை. அங்கே நடந்த ஒரு சோதனையைப் பற்றி கோச், ஃபிரெஞ்ச் என்று இரண்டு பேர் 1948இல் எழுதியிருக்கிறார்கள். மாற்றம் என்னவோ துளியூண்டு: தேய்த்த துணியை அட்டையின் மேல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் இனி பெட்டிக்குள் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு குழுவுக்கு உத்தரவாக மட்டும் சொன்னார்கள். அந்தக் குழுவின் வேலை விழுந்தது, விழுந்தது எழவே இல்லை, முதல் 40 நாளில் நூற்றுக்கு 17 பேர் வேலையை விட்டே போனார்கள். வேறு குழுக்களைக் கூப்பிட்டு, ஏன் மாற்ற வேண்டியிருக்கிறது, எப்படி மாற்றலாம் என்று கலந்து பேசினார்கள். அவர்கள் சீக்கிரமே பழைய வேகத்தைப் பிடித்து அதையும் தாண்டினார்கள், அந்த 40 நாளில் ஒருவரும் போகவில்லை. கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. நான் செய்தது அப்படியே அந்த முதல் குழுவுக்குச் செய்ததுதானே.

ஊர் திரும்பி மூன்று பேரையும் உட்காரவைத்தேன். முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாள் டெஸ்டர் அண்ணன் ஆரம்பித்தார். பழைய முறையில் கொழுப்பு பார்க்க 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால், குழாயை அடைத்துக் குலுக்கும்போது கையைச் சுடும், அதைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றவிட்டு 65 டிகிரி வெந்நீரில் வைத்துக் கோட்டைப் படிக்க வேண்டும். அமிலம் பட்டு ஓட்டை விழாத சட்டை அவரிடம் ஒன்றுகூடக் கிடையாது. "இத்தனையும் கத்துக்கிட்டதால்தான் ஊர்ல எனக்குப் பேரு. நாளைக்கு எந்தப் பையனும் பட்டனை அமுக்குவான், அப்ப நான் யாரு?" என்றார். கணக்கு எழுதும் அக்காவுக்கு வேறு பயம்: கம்ப்யூட்டரே பட்டுவாடாப் பட்டியல் போட்டுவிட்டால் தனக்கு வேலை இருக்குமா என்று. பால் அளக்கிறவருக்குத் தராசில் கோளாறு வந்தால் பழி தன் தலையில் விழும் என்ற கவலை.

மூன்று பேரும் சொல்லாத ஒன்றும் இருந்தது, அதை நானே கேட்டேன்: சாம்பிள் பால். ஆளுக்கு ஒரு கரண்டி எடுப்போம், பரிசோதனைக்கு வேண்டியது அதில் கொஞ்சம்தான், மிச்சம் எங்கே போகிறது என்று நீங்களும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. நாம் கொடுக்கிற சம்பளத்துக்கு அதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மெஷினுக்கு எடுக்கிற துளிப் பாலில் அந்த மிச்சம் கிடையாது. அப்போது வீட்டுக்கு வருகிற ஒன்று குறைகிறதே, அதைப் பற்றி யாராவது பேச வேண்டாமா?

சரி, என்ன செய்தோம். இரண்டு வாரம் பழைய முறையும் மெஷினும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும், எது சரி என்று டெஸ்டர் அண்ணனே முடிவு சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம். அவர் மெஷினைத் தப்பென்று காட்டத்தான் ஆவலாக இருந்தார், காட்டியும் விட்டார். எருமைப்பாலுக்கு மெஷின் கன்னாபின்னாவென்று காட்டியது. பார்த்தால் அதில் பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும் தனித்தனி அமைப்பு இருக்கிறது, பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து யாரும் அதை மாற்றவே இல்லை. அன்றிலிருந்து மெஷின் அவருடையது. கறந்த சூட்டில் நுரையோடு வருகிற பாலைக் காற்றுக் குமிழி அடங்கும் முன் உறிஞ்சவிட்டால் கணக்குத் தப்பும் என்பதும் அவர் கண்டுபிடித்ததுதான். இப்போது கழுவ மறந்தால் அவர் என்னைத் திட்டுகிறார்.

இனி உங்கள் பக்கம். "நேத்து கொழுப்பு 4.2, இன்னைக்கு 3.7, மெஷின் பொய் சொல்லுது" என்று சண்டைக்கு வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். கொழுப்பு கடைசிக் கறவையில்தான் அதிகம். அதைக் கன்றுக்கு விட்டுவிட்டு முதல் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றினால் சீட்டில் குறையத்தான் செய்யும். கன்றுக்கு விடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, மெஷினைத் திட்டாதீர்கள் என்கிறேன். அளவு குறைகிறது என்பவர்களுக்கு: முன்பு லிட்டரில் நுரையும் சேர்ந்து அளந்தது, இப்போது எடை. ஒரு லிட்டர் பால் ஏறத்தாழ 1.03 கிலோ, கணக்கு சுவரில் ஒட்டியிருக்கிறது. இந்தச் சண்டையில் டெஸ்டர் அண்ணனுக்கு ஒரு நிம்மதியும் கிடைத்தது. முன்பு பால்மானியைப் பார்த்து "டிகிரி குறைவு" என்று அவர் வாயால் சொல்ல வேண்டும், சொந்தக்காரர் வந்தால் தர்மசங்கடம். இப்போது சீட்டை நீட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

கணக்கு அக்காவின் வேலை போகவில்லை, பட்டியலைச் சரிபார்ப்பதும் பணம் ஏறாத வங்கிக் கணக்குகளைத் துரத்துவதும் அவரிடம். உண்மையைச் சொன்னால் வேலை கூடித்தான் போயிருக்கிறது, அவர் அதைச் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை. பால் அளக்கிறவர் இன்னும் மனதுக்குள் சமாதானமாகவில்லை, பழைய லிட்டர் அளவைகளைக் கழுவித் துடைத்து மாட்டியே வைத்திருக்கிறார். இருக்கட்டும்.

பேரவையின் ஒப்புதலுக்கு மூன்று விஷயங்கள். மாதம் ஒருமுறை மெஷினைப் பழைய முறையோடு ஒத்துப் பார்க்க அமிலமும் குழாய்களும் வாங்க வேண்டும், அந்தச் சென்ட்ரிஃபியூஜை எடைக்குப் போடும் யோசனை கைவிடப்படுகிறது. டெஸ்டர் அண்ணன் ஒரு நாள் வராவிட்டாலும் ஓடும்படி இன்னொருவரை அவரே தேர்ந்தெடுத்துப் பழக்க வேண்டும். மூன்றாவது, சாம்பிள் பாலுக்குப் பதிலாக மூன்று பணியாளர்களுக்கும் மாதப்படி, தொகை எவ்வளவு என்று வெளிப்படையாகப் பதிவேட்டில் எழுதி. இதற்குக் குழுவிலேயே இரண்டு பேர் எதிர்ப்பு தெரிவித்திருக்கிறார்கள், அவர்களும் பேசட்டும், அப்புறம் கை தூக்குங்கள்.