அண்ணாவுக்கு, வண்டி கைமாறும் முன்

அண்ணா,

அப்பாவின் திதி முடிந்து நான்கு நாள் ஆகிறது. மாருதி எஸ்டீம் காரை விற்றுவிட முடிவெடுத்துவிட்டேன். 2001இல் பதிவான வண்டி. பதினைந்து ஆண்டு முடிந்த பிறகு இரண்டு முறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொண்டுபோய் நிறுத்திப் பதிவைப் புதுப்பித்தாயிற்று. மூன்றாவது முறை அலைய எனக்குத் தெம்பில்லை. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் இடது முழங்கால் வலிக்கிறது. அடுத்து வாங்கப்போவது ஆட்டோமேட்டிக். இந்த வரியைப் படிக்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

உன்னைக் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள். ஆனால் எத்தனை முறைதான் கேட்பது? ரேடியேட்டர் ஒழுகியபோது கேட்டேன், அடித்தகடு துருப்பிடித்தபோது கேட்டேன். ஒவ்வொரு முறையும் மஸ்கட்டிலிருந்து ஒரே வரி வந்தது: “வண்டியை மட்டும் விட்டுவிடாதே, அம்மிணி.” பொள்ளாச்சிப் பட்டறையில் ஸ்டூலில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவள் நான்.

விலை பேச வந்தவர் கதவைத் திறந்து, குனிந்து மிதிகளைப் பார்த்தார். பிரேக் மிதி ரப்பரில் வலது ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்து, வரிகளே இல்லாமல் போயிருக்கிறது. “யாரோ காலைச் சாய்த்தே ஓட்டியிருக்கிறார்கள்” என்றார். ஆமாம் என்று மட்டும் சொன்னேன். அவர் போனபிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இருக்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

2006 மே மாதம். வால்பாறையில் அத்தை வீட்டு விருந்து முடிந்து கீழே இறங்குகிறோம். பின் இருக்கையில் அப்பா அசந்து தூங்குகிறார். நான் ஓட்டுகிறேன், பக்கத்தில் நீ. ஆழியாறு வரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். “அப்பா விழிக்கக் கூடாது. அவ்வளவுதான் பரீட்சை” என்றாய்.

முதல் வளைவிலேயே தோற்றேன். மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றிக் கிளட்சை விட்டதும் வண்டி மூக்கைக் குத்தியது, அப்பாவின் தலை முன்னால் வந்து போனது. வேகத்தைக் குறைக்கும்போது எஞ்சின் எதற்கு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று எனக்குப் புரியவே இல்லை. நீ குரலைத் தாழ்த்திச் சொன்னாய்: மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஓடுகிற எஞ்சின், அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு வந்தால் ஏறக்குறைய 3700 சுற்ற வேண்டும். அந்த மிச்சத்தை உன் கால் கொடுக்காவிட்டால் சக்கரம் எஞ்சினைப் பிடித்து இழுத்துச் சுற்றவைக்கும், அந்த இழுப்புதான் அப்பாவின் தலையில் தெரிகிறது. இது முன்சக்கரம் இழுக்கிற வண்டி, மழையில் இதே தவறைச் செய்தால் திருப்ப வேண்டிய சக்கரமே வழுக்கிவிடும்.

பிறகு கால். ஒரே காலால் பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் மிதிக்கிற முறைக்கு ஹீல் அண்ட் டோ என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டுக் குதிகாலைத் தேடாதே என்றாய். பெருவிரலுக்குக் கீழே இருக்கும் மேடு பிரேக்கின் வலது ஓரத்தில் இருக்க வேண்டும். அழுத்தம் துளியும் குறையாமல் பாதத்தின் வலது விளிம்பை ஆக்ஸிலரேட்டர்மேல் உருட்டி ஒரு தட்டு. பிரேக்கைப் பயந்து பயந்து மிதித்தால் ஆக்ஸிலரேட்டரை விட அது மேலேயே நின்றுவிடும், காலுக்கு எட்டாது. நன்றாக அழுத்தினால்தான் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும். செருப்பைக் கழற்றச் சொன்னாய். வெறுங்காலுக்கு ரப்பரின் ஒவ்வொரு வரியும் தெரிந்தது.

அப்பா மூன்று முறை விழித்தார். “மாடு குறுக்கே வந்தது” என்று இரண்டு முறை சொன்னாய், மூன்றாம் முறை வரையாடு. எனக்காக நீ சொன்ன பொய்கள் அங்கேதான் தொடங்கின என்று இப்போது தோன்றுகிறது.

14/40 என்ற பலகை, கீழிருந்து எண்ணினால் பதினான்காம் வளைவு. பிரேக், கிளட்ச், ஒரு தட்டு. எஞ்சின் ஒரு முறை உறுமி ஏறியது, கியர் விழுந்தது, கிளட்ச் மேலே வந்தது. வண்டி துளியும் அதிரவில்லை. நீ கண்ணாடியில் அப்பாவைப் பார்த்துவிட்டு என் முகத்துக்கு முன்னால் ஒரு விரலைக் காட்டினாய். ஒன்பதாம் வளைவில் லோம்ஸ் காட்சிமுனைக்குக் கீழே அணை முழுவதும் விரிந்து கிடந்தது, நாம் இருவருமே பார்க்கவில்லை. செக்போஸ்ட்டில் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அதற்குள் இறங்கிவிட்டோமா?” என்றார்.

அந்த மயக்கத்தில்தான் நான் கெட்டேன். நீ வேலைக்குப் போயிருந்த பகல்களில் ஆனைமலை சாலையில் தனியாகப் பழகினேன். பக்கத்தில் திருத்த ஆளில்லை. தட்டு சரியாக விழாத ஒவ்வொரு முறையும் கிளட்சைப் பாதியில் பிடித்து, அதிர்வைத் தேய்த்து மழுப்பினேன். ஒரே மாதத்தில் கருகிய வாடை. மெக்கானிக் கிளட்ச் பிளேட்டை அப்பா கையில் கொடுத்தார். அப்பா உன்னைத்தான் பார்த்தார்.

நீ செட்டிபாளையம் கார் பந்தய ஓடுபாதைக்குப் போய்வருவது அவருக்குப் பிடிக்காது. 2005 மார்ச்சில் நரேன் கார்த்திகேயன் மெல்போர்னில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய காலையில், நம் கோயம்புத்தூர்க்காரர் என்று நீ தொலைக்காட்சிப் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டதை அவர் எப்படிப் பார்த்தார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. நீ பெயர் கொடுத்திருந்த பந்தயத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அப்பா சாவியை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

நான் வாசலில்தான் நின்றேன். எனக்குப் பத்தொன்பது வயது. சொல்லியிருந்தால் அதன்பிறகு ஸ்டியரிங்கையே தொட்டிருக்க முடியாது. உனக்கு அது ஒரு பந்தயம், எனக்கு அது மட்டும்தான் என்று அன்று நியாயம் வைத்துக்கொண்டேன். இப்போது எழுதும்போது அது நியாயமாகப் படவில்லை. முழுக்கத் தவறென்றும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

நீயாவது சொல்லியிருக்கலாம். அன்றே திட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். பதினொரு வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, ஊரே கூடியிருந்த ஒரு நாளில், யாரிடம் சொல்லக் கூடாதோ அவர்களிடம் சொன்னாய். அது எந்த நாள், அதன்பிறகு என்ன ஆயிற்று என்பதை இங்கே எழுதமாட்டேன். இதைப் படிக்கிற சொந்தக்காரர்களுக்கு அது வேண்டாம். அப்பா படுத்திருந்த எட்டு மாதத்தைப் பற்றியும் எழுதமாட்டேன். விமான டிக்கெட் என்ன விலை என்று எனக்கும் தெரியும்.

அந்த எட்டு மாதமும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டியில்தான் அவரைக் கூட்டிப்போனேன். முதுகில் புண் இருந்தது, சின்னக் குலுக்கலும் தாங்கமாட்டார். சாலையில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் நீ சொன்ன மாதிரி காலைச் சாய்த்து, ஒரு தட்டு. அவர் தூங்கிக்கொண்டே வருவார். கிணத்துக்கடவு தாண்டும்போது பழக்கத்தில் பக்கத்து இருக்கையைப் பார்ப்பேன்.

கிளட்ச் விஷயத்தை நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடுப்பை அணைத்தாள். “அவனுக்குப் போன் போடு” என்றாள். போட்டால் அழுதுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

பிரேக் மிதி ரப்பரைக் கழற்றி வைத்துக்கொண்டு புதிது மாட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். முன்பணம் இன்னும் வாங்கவில்லை. வேண்டாம் என்றால் வியாழக்கிழமை இரவுக்குள் சொல்.