ஃபைன் கட்டியதோடு முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொண்டி, பாம்பன், சாயல்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் படித்து வேலை வாங்கிய பிறகு இடறி விழும் இடம், முன்பு வழக்கோ தண்டனையோ உண்டா என்று கேட்கும் போலீஸ் விசாரணைப் படிவம். திருவிழாத் தகராறு, மறியல், கரையில் கைகலப்பு என்று ஏதோ ஒரு வழக்கு இருந்திருக்கும். "ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டு, இன்னையோட முடிஞ்சது" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சட்டப்படி அது குற்றத்தீர்ப்பு. தானே ஒப்புக்கொண்டவர், தண்டனை கூடுதல் அல்லது சட்டப்படி செல்லாது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லி அப்பீல் போகவும் முடியாது. இது தெரியாமல் படிவத்தில் "இல்லை" என்று எழுதுகிறார்கள். வேலை பறிபோவது பெரும்பாலும் இதனால்தான்.

உண்மையை எழுதுங்கள். அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: இளவயதுச் சில்லறை வழக்கை மறைத்திருந்தால்கூட நிர்வாகம் மன்னிக்கலாம், பெரிய வழக்கை மறைத்தால் வேலையை ரத்து செய்யலாம். உண்மையை எழுதினாலும் வேலை உறுதி என்று இல்லை. பரிசீலிக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு.

எழுதும் முன் தீர்ப்பின் சான்றிட்ட நகல் கையில் இருக்க வேண்டும். காவல் நிலையக் குற்ற எண், நீதிமன்றம் வழக்குக்குக் கொடுத்த சி.சி. அல்லது எஸ்.டி.சி. எண், ஆண்டு ஆகியவற்றோடு நீதிமன்ற நகல் பிரிவில் மனுப் போடலாம். பழைய வழக்குக் கட்டு அழிக்கப்பட்டுவிட்டது என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள். நகலில் சட்டப்பிரிவையும் தண்டனையையும் பாருங்கள். குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விட வழிசெய்யும் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 3 அல்லது 4-ஆம் பிரிவில் விடுவிக்கப்பட்டிருந்தால், தண்டனையால் வரும் தகுதியிழப்பு 12-ஆம் பிரிவின்படி பொருந்தாது. ஆனாலும் குற்றத்தீர்ப்பு அழிந்துவிடாது. படிவத்தில் கேட்டால் எழுதியே ஆக வேண்டும்.

வக்கீலாக நினைப்பவர்களுக்கு ஒன்று. ஒழுக்கக்கேடான (திருட்டு, மோசடி போன்ற) குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், விடுதலையாகி 2 ஆண்டு கழித்துப் பதிவு செய்யத் தடையில்லை. நன்னடத்தைச் சட்டத்தில் விடுவிக்கப்பட்டவருக்கு அந்த 2 ஆண்டுத் தடையும் இல்லை.

கடல் அட்டை என்ற கடல்வாழ் உயிரினத்தைப் பிடித்த, விற்ற வழக்கு வேறு மாதிரி. 2001 முதல் அது வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை விற்று வாங்கினாலோ, மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவுக்குள் பிடித்தாலோ, 18 வயது நிரம்பியவருக்கு நன்னடத்தைச் சட்டம் கிடையாது. இரண்டு நாள் கூலிக்கு மூட்டை தூக்கப் போகும் கல்லூரிப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்வதில்லை.

இலங்கை நீதிமன்றத்தில் ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடு திரும்பியவர்கள் பாஸ்போர்ட் கிடைக்காது என்று பயப்படுகிறார்கள். விண்ணப்பிப்பதற்கு முந்தைய 5 ஆண்டுக்குள், ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு, இந்திய நீதிமன்றம் 2 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டித்திருந்தால்தான் பாஸ்போர்ட் சட்டத்தின் அந்தத் தடை வரும். இலங்கைத் தீர்ப்பு அதில் சேராது. வேலைப் படிவம் "எந்த நீதிமன்றத்திலாவது" என்று கேட்டால் மட்டும் அதையும் குறிப்பிட வேண்டும்.

வழக்கு இன்னும் நடக்கிறது என்றால், ஒப்புக்கொள்ளும் முன் 15100-க்கு அழைத்துச் சட்ட உதவி கேளுங்கள். வக்கீல்கள் ஃபைனோடு முடிக்கப் பார்க்காமல், எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடும்படி மனுப் போட வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். வீட்டு ஆண்கள் ஊரில் இருக்கும் அந்த 61 நாளில், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மண்டபம், தங்கச்சிமடம், ஏர்வாடியில் முகாம் போட்டு நகல் மனுக்களை அங்கேயே எழுதி வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடலோரச் சட்ட உதவிப் பணியில் உள்ள வழக்கறிஞர்கள்,
இராமநாதபுரம்.