லாமிங்டன் காட்டில் ஓர் இரவு: கூட நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், அம்மா அப்பாக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சித்திரை விடுமுறையில் நம் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை லாமிங்டன் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போய், கிரீன் மவுண்டன்ஸ் முகாமில் ஓர் இரவு தங்கி, எல்லோரும் பத்திரமாக பிரிஸ்பேன் வந்து சேர்ந்தோம். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று வராதவர்களுக்கும் தெரிய வேண்டும். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி நிலவியல் படித்த நம் அக்காவுக்கு. அவர் வராமல் இருந்திருந்தால் அது வெறும் பச்சைக் காடாகவே பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். எல்லைப் பாதை வழியாகப் பெரிய பிள்ளைகளை பிதொங்கபெல் மலை வரை நடத்திக் கூட்டிப்போனார். அங்கே விளிம்பில் நிறுத்தி, "நாம நிக்கிறதே ஒரு எரிமலையோட ஓரத்துலதான்" என்றார். சுமார் 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் குமுறிய ட்வீட் எரிமலை அது. அடங்கிய பிறகு மழையும் ஓடைகளும் நடுப்பகுதியை அரித்துக்கொண்டு போக, எரிமலையின் குழாயில் இறுகிப்போன கல் மட்டும் தெற்கே வொல்லும்பின் சிகரமாகத் தனியாக நிற்கிறது.

"மறுபடி வெடிக்குமா ஆன்ட்டி?" என்று ஒரு பிள்ளை பயந்து கேட்டாள். அக்கா சிரிக்கவில்லை. ஈர மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். பூமிக்கு அடியில் இருக்கும் சூடு கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்கிறது, மேலே ஆஸ்திரேலியா மெல்ல வடக்கே நகர்கிறது. அதனால்தான் வடக்கே உள்ள கிளாஸ் ஹவுஸ் மலைகளுக்கு வயது அதிகம், தெற்கே போகப் போக எரிமலைகளுக்கு வயது குறைகிறது. நெருப்பு இருந்த இடத்தை விட்டு இந்த நிலம் எப்போதோ நகர்ந்து வந்துவிட்டது. அந்தப் பிள்ளை அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

அங்கேயே நின்ற அண்டார்டிக் பீச் மரங்களைப் பற்றியும் அவர்தான் சொன்னார். தாய் மரம் சாயும் முன்பே அடியிலிருந்து புதுத் தண்டுகள் கிளம்பிச் சுற்றி நிற்கும், வேர் அதே வேர்தான். தென் அமெரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் கோண்ட்வானா என்ற ஒரே பெரும் நிலமாக ஒட்டியிருந்த காலத்து மரபு இந்த மரங்களுக்கு உண்டு. எரிமலைக் குழம்பு பசால்ட் கல்லாகி, அந்தக் கல் மக்கிச் செம்மண்ணாகியிருக்கிறது. அந்தச் சத்துதான் இவ்வளவு அடர்ந்த மழைக்காட்டைத் தாங்குகிறது. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறதுதான். ஆனால் பாசி படிந்த வேரைத் தொட்டுக்கொண்டு கேட்பது வேறு.

அப்புறம் அட்டைகள். மழை பெய்து ஓய்ந்திருந்ததால் பாதையெல்லாம் அட்டைதான். நகரத்தில் வளர்ந்த நாங்கள் அலறிக்கொண்டிருந்தபோது, ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த நம் அம்மம்மா எல்லாப் பிள்ளைகள் காலிலும் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டார். "அட்டைக்குப் பயந்தா கொழுந்து எடுக்க ஏலுமா பிள்ளை?" என்று அவர் கேட்டதற்கு அப்புறம் யாரும் அழவில்லை. அம்மம்மா, அந்த வயதில் ஈரப் புல்லில் குனிந்து குனிந்து நீங்கள் செய்ததை நாங்கள் மறக்க மாட்டோம்.

கிளம்பும் முன் தொலைபேசியில் பொறுமையாகப் பேசிய வனக்காவலருக்கும் நன்றி. கொட்டும் மரத்தின் இலையை அவர் விவரித்த விதம் பிள்ளைகளுக்கு மனப்பாடம்: இதய வடிவம், பல் பல்லான ஓரம், வெயில் விழும் இடங்களில் பாதையோரமாக நிற்கும், தொட்டால் வலி வாரக்கணக்கில் கூடப் போகாது. ஒருவரும் தொடவில்லை.

முகாமில் விறகு மூட்ட அனுமதி இல்லை. கேஸ் அடுப்பைச் சுமந்து வந்து, தூறலில் குடை பிடித்துக்கொண்டு அத்தனை பேருக்கும் ரவை உப்புமா கிண்டிய அண்ணனும் அண்ணியும் வாழ்க. புளியோதரையும் தேங்காய்ச் சம்பலும் ஒரே தட்டில் அவ்வளவு பொருந்தும் என்று அன்றுதான் தெரிந்தது. இரவு எட்டு மணிக்கு மழை வலுத்து எங்கள் கூடாரங்களில் ஒன்று ஒழுகத் தொடங்கியதும், கேட்காமலேயே தார்ப்பாயைக் கொண்டுவந்து கட்டிக்கொடுத்த பக்கத்துக் கூடாரத்துத் தம்பதியருக்குத் தமிழ் தெரியாது. இந்த மடலை ஆங்கிலத்திலும் எழுதி அவர்களுக்கு அனுப்புகிறேன்.

அந்த மழைக்குள் உட்கார்ந்துதான் நம் சித்தப்பா 1937ஆம் ஆண்டின் ஸ்டின்சன் விமானக் கதையைச் சொன்னார். பிப்ரவரி 19 அன்று ஏழு பேரோடு புறப்பட்ட விமானம் இந்த மலைகளில் விழுந்தது. எங்கெங்கோ தேடினார்கள். இந்தக் காட்டிலேயே வாழ்ந்த பெர்னார்ட் ஓ'ரெய்லி தனியாக உள்ளே போய், தொலைவில் ஒரு மர உச்சி கருகியிருப்பதைக் கண்டு, 28ஆம் தேதி உயிரோடிருந்த இருவரையும் கண்டுபிடித்தார். உதவி தேடிக் கிளம்பிய மூன்றாமவர் வழியிலேயே இறந்துவிட்டார். சித்தப்பா அதை மிகைப்படுத்தாமல், பிள்ளைகளுக்குப் பொய்யும் சொல்லாமல் சொன்னார். அதற்காகவே தனி நன்றி.

பறவை பார்க்கும் ஒரு வயதான தம்பதியர் மழை விட்டதும் எங்களை ஓர் ஈர மண்கரைக்கு அழைத்துப்போய், டார்ச்சை அணைக்கச் சொல்லி, ஒளிரும் புழுக்களைக் காட்டினார்கள். பசை நூலைத் தொங்கவிட்டு, வெளிச்சத்தைக் காட்டிப் பூச்சி பிடிக்கும் சின்னப் புழுக்கள் அவை. நம் வெளிச்சம் பட்டால் தங்கள் விளக்கை அணைத்துவிடுமாம். காலையில் அவர்களே சாட்டைக்குருவியையும் கேட்க வைத்தார்கள். ஆண் சாட்டை சொடுக்கியது போல் கூப்பிட, அடுத்த நொடியே பெண் பதில் சொல்கிறது. இரண்டும் ஒரே பறவையின் குரல் என்றுதான் நினைத்திருந்தோம். நீலப் பொருள்களைப் பொறுக்கி அலங்கரிக்கும் சாட்டின் பந்தல்குருவியின் பந்தலையும் காட்டினார்கள். பாட்டில் மூடியின் நீல வளையம் அதன் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம் என்று கேட்டதும், பிள்ளைகள் முகாம் முழுக்கத் தேடி வளையங்களைப் பொறுக்கி வெட்டிப் போட்டார்கள்.

இன்னும் சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும், இந்த மடல் அவர்களை எட்டாது என்றாலும். இது யுகம்பே பூர்வகுடி மக்களின் மண். இங்கே ஒரு பூங்கா வேண்டும் என்று கேட்டுக்கேட்டு, அதைப் பார்க்காமலே 1913இல் இறந்தவர் ராபர்ட் காலின்ஸ். அந்த வேலையைத் தொடர்ந்த ரோமியோ லாஹி, கனங்ராவில் மரம் அறுக்கும் ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். 1915 ஜூலையில் பூங்கா அறிவிக்கப்பட்டது. அறுக்கும் தொழிலில் சோறு தின்ற வீட்டிலிருந்து அப்படி ஒருவர் வந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது.

வளைந்து வளைந்து ஏறும் அந்த மலைச் சாலையில், வாந்தி எடுத்த ஒவ்வொரு பிள்ளைக்காகவும் முகம் சுளிக்காமல் வண்டியை நிறுத்திய ஓட்டுநர் அண்ணனுக்கும் எங்கள் அன்பு.

சரி, கடைசியாக ஒரு விஷயம். எவர்சில்வர் தூக்குச் சட்டி ஒன்று, பச்சைத் தார்ப்பாய் ஒன்று, சின்னப் பிள்ளையின் மழைக்கோட்டு ஒன்று என் வீட்டில் இருக்கின்றன. தார்ப்பாய் பக்கத்துக் கூடாரத்துத் தம்பதியருடையது, நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். மற்றவற்றை ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவருகிறேன், உரியவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பிள்ளைகள் சார்பாகவும் பெற்றோர் சார்பாகவும்,
உங்களில் ஒருத்தி