கேஷ் சர்வருக்கு நிலையான முகவரி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஒரே இணைய இணைப்பை நம்பி இருபது, முப்பது கணினிகள் இயங்கும் பள்ளிகளிலும் நூலகங்களிலும், ஒருமுறை இறங்கிய கோப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அடுத்துக் கேட்கும் கணினிக்கு உள்ளிருந்தே எடுத்துக் கொடுக்கும் கேஷ் சர்வர் இருக்க வேண்டும் என்று விரும்புகிறவன் நான். ஒரு பழைய கணினியும் ஸ்க்விட் என்ற இலவச மென்பொருளும் இதற்குப் போதும். ஆனால் மென்பொருளுக்குக் காட்டும் அக்கறையை நிறுவுகிறவர்கள் நெட்வொர்க் அமைப்புக்குக் காட்டுவதில்லை. நானும் அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன்.

எங்கள் பள்ளியின் கணினிக் கூடத்தில் சர்வரை வைத்தபோது, நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரியை, கணினிகளை இணையத்தோடு இணைக்கும் ரௌட்டரே தரட்டும் என்று விட்டுவிட்டேன். சில வாரங்கள் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் மின்தடைக்குப் பிறகு ரௌட்டர் வேறு முகவரியைக் கொடுத்துவிட, பழைய முகவரியையே பிராக்ஸியாக, அதாவது இணையத்துக்குச் செல்லும் இடைவழியாகக் கொண்டிருந்த அத்தனை கணினிகளிலும் இணையம் நின்றது. மாணவிகள் வெற்றுத் திரையின் முன் உட்கார்ந்திருக்க, நான் கேபிள்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

சர்வரின் முகவரி நிலையானதாக மட்டுமல்ல, ரௌட்டர் பகிர்ந்தளிக்கும் வரம்புக்கு வெளியிலும் இருக்க வேண்டும். ரௌட்டர் 192.168.1.100 முதல் 200 வரை வழங்கினால், சர்வருக்கு 192.168.1.10 என்று வைக்கலாம். எந்த முகவரிகள் உள் நெட்வொர்க்கைச் சேர்ந்தவை என்று காட்டும் சப்நெட் மாஸ்க், மற்ற கணினிகளுக்கு உள்ளதுதான். கேட்வே, அதாவது இணையத்துக்கு வெளியேறும் வாயில், ரௌட்டரின் முகவரி. தளத்தின் பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் டி.என்.எஸ். அமைப்பில் கூடுதல் கவனம் வேண்டும். பிராக்ஸி வழியே செல்லும்போது தளத்தின் பெயரை முகவரியாக மாற்றுவது சர்வர்தான் என்பதால், அங்கே பிழை நேர்ந்தால் கூடம் முழுவதற்கும் இணையம் இராது. கடிகாரத்தையும் சரிபார்க்க வேண்டும். பேட்டரி தீர்ந்த பழைய மதர்போர்டு தவறான தேதியைக் காட்டினால், சேமித்த கோப்பு காலாவதியானதா இல்லையா என்பதையே சர்வர் தவறாகக் கணிக்கும்.

ஸ்க்விட் வழக்கமாக 3128 என்ற போர்ட்டில் (இணைப்பு எண்ணில்) இயங்குகிறது. ஹார்டு டிஸ்கில் சேமிக்கும்படி நாம் தனியாகக் குறிப்பிடாவிட்டால், அது 256 எம்.பி. நினைவகத்தில் (ரேம்) மட்டுமே சேமிக்கும், 4 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்புகளையும், அந்த வரம்பை உயர்த்தாதவரை, வைத்துக்கொள்ளாது. உள் நெட்வொர்க்கைத் தவிர வேறு யாருக்கும் அனுமதி தரக்கூடாது.

இன்று பெரும்பாலான தளங்கள் எச்.டி.டி.பி.எஸ். வழியே மறைகுறியாக்கப்பட்டு வருவதால், அவற்றின் பக்கங்களை இத்தகைய சர்வர் சேமிக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களின் மென்பொருள் தொகுப்புகள் பொதுவாக, உண்மைத்தன்மையைச் சரிபார்க்க உதவும் மின்னொப்பத்துடன், மறைகுறியாக்கப்படாத சாதாரண எச்.டி.டி.பி. வழியே வருகின்றன. முப்பது கணினிகளும் ஒரே புதுப்பிப்பை முப்பது முறை இறக்கும் நிலையை அங்கே தவிர்க்கலாம்.

கணினிப் பயிற்றுநர்களுக்கான பயிற்சி முகாம்களில் இந்த நெட்வொர்க் அமைப்பைச் செய்து பழக அரை நாளாவது ஒதுக்குமாறு பள்ளிக் கல்வித் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளிக் கணினிப் பயிற்றுநர் ஒருவர்,
திருவண்ணாமலை மாவட்டம்.