ஸ்லாட் ஏன் கொஞ்சம் லூசாக இருக்கிறது: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மாடல் ராக்கெட் செய்கிறவர்களின் வாட்ஸப் குழுக்களில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பட்டறையில் அறுத்து ஸ்லாட் (ஃபின் செருகும் நீளத் துளை) போட்ட 75 மி.மீ. பேப்பர் டியூப், ஸ்லாட் லூசாக இருப்பதால் அதில் செருகிய ஃபின் (ராக்கெட்டின் அடியில் நிற்கும் இறக்கை) ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. “காசை வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு அறுக்கிறார்கள்” என்று கீழே ஒரு வரி. உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பி, “என்னண்ணே இது?” என்று கேட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

எங்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கோயம்புத்தூர் மில்களுக்கு நூல் சுற்றும் கோனும் பேப்பர் டியூபும் போடுவதுதான் எங்கள் தொழில். ராக்கெட் வேலை பின்னால் வந்து சேர்ந்தது. ஆனாலும் பட்டறையில் எல்லோரும் ஆசையாகச் செய்வது அந்த வேலையைத்தான். 1967-ல் கேரளத்தின் தும்பா ஏவுதளத்திலிருந்து கிளம்பிய, இந்தியாவின் ஆர்எச்-75 ராக்கெட்டின் பெயரில் இருக்கும் 75 அதன் விட்டம், மில்லிமீட்டரில். அதை நிஜ அளவிலேயே செய்து பார்க்க வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகள் 75 மி.மீ. டியூப் கேட்டு வரும்போது அதைக் கண்ணை மூடிக்கொண்டு அறுக்க யாருக்கு மனசு வரும்? அந்த ஒரு வரிதான் எங்கள் ஆட்களை ரொம்பவும் நோகடித்துவிட்டது.

சரி, லூஸ் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் 3 மி.மீ. பிளைவுட் ஃபின் என்று எழுதிக் கொடுத்தால் நாங்கள் ஸ்லாட்டை 3.2 மி.மீ. அகலத்துக்கு அறுக்கிறோம். வேண்டுமென்றேதான் அப்படி அறுக்கிறோம், முதல் நாளிலிருந்தே அப்படித்தான். கடையில் 3 மி.மீ. என்று விற்கும் பிளைவுட் எல்லாம் சரியாக 3 இருப்பதில்லை. ஒரே பலகையிலேயே ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் வித்தியாசம் வரும். அதோடு ஃபின்னுக்கு நீங்கள் சீலர் அடிப்பீர்கள், பெயின்ட் அடிப்பீர்கள், அதுவும் கனத்தில் சேரும். ஐப்பசி மழையில் கதவு நிலையில் சிக்கிக்கொள்கிற மாதிரி மரமும் பேப்பரும் ஈரத்தில் உப்பும். ஸ்லாட்டை இறுக்கமாகப் போட்டால் ஃபின்னை அமுக்கிச் செருக வேண்டி வரும். அப்போது டியூபின் ஓரத்தில் பேப்பர் பிசிறு கிளம்பும், வட்டம் லேசாக நசுங்கும். பசை நிற்க இடமும் இருக்காது, செருகும்போதே வழிந்து வெளியே வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபின்னை நேராக நிறுத்துவது வெளி டியூபில் இருக்கும் ஸ்லாட்டின் வேலை கிடையாது. ஃபின்னின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு ஸ்லாட் வழியாக உள்ளே போய், மோட்டார் மவுண்ட் டியூபின் (ராக்கெட் மோட்டாரைப் பிடித்திருக்கும் உள் டியூப்) மேல் உட்கார வேண்டும். அங்கேதான் முதல் பசை. அது காயும் வரை அட்டையில் வெட்டிய ஜிக் (தாங்கு சட்டம்) ஃபின்னைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம்தான் டியூப் சுவரின் இரண்டு பக்கமும் பசை ஓட்டுவது. இந்த வரிசையில் செய்தால் அந்த 0.2 மி.மீ. இடைவெளி பசையில் மறைந்துவிடும். படத்தில் இருக்கும் டியூபுக்குள் மோட்டார் மவுண்டே இல்லை. வெறும் டியூபில் ஃபின்னைச் செருகிப் படம் எடுத்தால் அது சாயத்தான் செய்யும். படத்தைப் போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

எப்படி அறுக்கிறோம் என்பதை நேரில் பார்த்தவர்கள் சாட்சி. டியூபுக்குள் சரியாகப் பொருந்தும் மர உருளையை நுழைத்து, டியூபைச் சுற்றவிட்டு, பிளேடை லேசாகத் தொடவைப்போம். முதல் சுற்றில் மேல் தாள் மட்டும் கீறும். ஒரே அழுத்தில் அறுத்தால் உள்ளே பேப்பர் கிழியும், அதனால் பல சுற்று விடுவோம். ஸ்லாட்டுக்கு, டியூபை L வடிவ ஆங்கிள் பட்டையில் ஒட்டி வைத்து நீளவாக்கில் கோடு இழுத்து, முதலில் இரண்டு முனையையும் குத்திவிடுவோம். அப்போதுதான் பிளேடு கோட்டைத் தாண்டி ஓடாது. டியூபில் சுருளாகச் சுற்றிய தாளின் மூட்டு ஸ்லாட் ஓரத்தில் குறுக்கே வரும் இடத்தில் தாள் எழும்பும். அங்கே ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் கொடுக்கிறோம்.

இந்தக் கை வேலையைப் பெரும்பாலும் பார்த்துக்கொண்ட அண்ணன், வீட்டுச் சூழ்நிலையால் சொந்த ஊருக்கே போய்விட்டார். அவர் கை வேறு. புதிதாக வந்த தம்பிகள் கற்றுக்கொள்கிறார்கள், நன்றாகவே வருகிறது, கொஞ்சம் நேரம் எடுக்கிறது. கிராஃப்ட் பேப்பர், பசை, மின்சாரம் என்று எல்லாச் செலவும் ஏறியிருப்பது உங்களுக்கும் தெரிந்ததுதான். அதனால் ஸ்லாட் ஒன்றுக்கு 5 ரூபாய் கூடுகிறது. 25 மி.மீ.க்கு உட்பட்ட டியூப்களை இப்போதைக்கு அறுத்து மட்டும் தருகிறோம், ஸ்லாட் போடுவதில்லை. அந்த அளவில் சுற்றளவில் 1 மி.மீ. பிசகினாலே ஃபின் நாலரை டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். 75 மி.மீ. டியூபில் அதே பிசகுக்கு ஒன்றரை டிகிரிதான். சின்ன ராக்கெட்டுகளுக்கு ஃபின்னை வெளிச்சுவரில் ஒட்டினாலே போதும், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

படம் வந்த அன்றே குழுவில் எங்களுக்காகப் பேசியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தாங்கள் கட்டி முடித்த ராக்கெட்டின் ஃபின் மூட்டைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போட்ட கல்லூரித் தம்பி தங்கைகளே, அந்தப் படத்தைப் பட்டறையில் எல்லோரும் பார்த்தோம். மழையில் டியூப் நமுத்துவிடும் என்று நாங்கள் தாமதித்தபோது முகம் சுளிக்காமல் காத்திருந்த அறிவியல் ஆசிரியர்களே, நீங்கள் இல்லாவிட்டால் இந்த வேலையை எப்போதோ விட்டிருப்போம். மில் வேலை வயிற்றுக்கு. இது மனசுக்கு.

இனி ஆர்டர் கொடுக்கும்போது கடையில் சொல்லும் பலகை அளவை மட்டும் எழுத வேண்டாம். ஃபின் வெட்டப் போகும் பலகையின் கனத்தை வெர்னியர் அளவுகோல் வைத்து மூன்று இடத்தில் அளந்து, மூன்றையும் எழுதுங்கள். முடிந்தால் ஒரு துண்டைக் கவரில் போட்டு அனுப்புங்கள், அதையே செருகிப் பார்த்து அறுத்துத் தருகிறோம். ஸ்லாட்டின் பின்முனை மூடியிருக்க வேண்டுமா, மோட்டார் மவுண்டோடு ஃபின்னையும் சேர்த்துப் பின்னாலிருந்து தள்ள வசதியாகத் திறந்திருக்க வேண்டுமா என்பதையும் சொல்லிவிடுங்கள். இறுக்கமாகத்தான் வேண்டும் என்றால் அப்படியே குறிப்பிடுங்கள், 3-க்கு 3 போட்டே தருகிறோம். ஏற்கெனவே வாங்கிய டியூபில் சந்தேகம் இருந்தால் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வாருங்கள், உங்கள் முன்னாலேயே அளந்து காட்டுகிறோம்.

அன்புடன்,
உரிமையாளரும் பட்டறை ஆட்களும்