ஒன்பதாவது வாய்பாடு

அன்புள்ள கருவிளம்,

நலம், உங்கள் வீட்டிலும் அனைவரும் நலம் என நம்புகிறேன். எட்டு மாதமாக எழுதாததற்கு வேலைப்பளுவைச் சொன்னால் நீ சிரிப்பாய்; உண்மைக் காரணம் வெட்கம்தான்.

நேர், நிரை ஆகிய இரண்டு அசைகளையே எழுத்துகளாகக் கொண்டு, நிரைகள் அடுத்தடுத்து வரும் சொற்கள் பத்தசை நீளத்தில் 2304 உள்ளன என்று சென்ற கடிதத்தில் பெருமையடித்திருந்தேன். பத்தசைச் சொற்களே மொத்தம் 1024தான்! நீ அதைக் கண்டும் வாய் திறக்கவில்லை என்று மூர்த்தி சொன்னான். அந்தப் பாவம் உன்னைச் சும்மா விடாது.

பிழையைக் காட்டிக்கொடுத்தவை தமிழய்யா பிரம்போடு புகட்டிய மூவசைச் சீர்கள். வாய்பாடு எட்டு. அவற்றில் நிரைகள் அடுத்தடுத்து வராதவை தேமாங்காய், புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி, புளிமாங்கனி என ஐந்து, வருபவை என் கணக்கில் நான்கு, ஆக ஒன்பது! அந்த ஒன்பதாவதை இரவெல்லாம் தேடினேன். கருவிளங்கனியின் மூன்றசையும் நிரை ஆதலால், என் ஆட்டோமேட்டன் (சொல்லை அசையசையாகப் படித்து, ஏற்பதா என்று முடிவு செய்யும் கற்பனை எந்திரம்) முதல் நிரை-நிரை இணையைப் பிடித்து ஒரு பாதையிலும் இரண்டாம் இணையைப் பிடித்து மற்றொரு பாதையிலும் அதை ஏற்றிருந்தது. சொற்களை எண்ணுவதாக நினைத்துப் பாதைகளை எண்ணியிருக்கிறேன். என்னைக் கவிழ்த்ததும் உன் குடும்பத்துச் சீர்தான்.

கணினியியலாளர்கள் ராபினும் ஸ்காட்டும் 1959இல் காட்டிய வழியில், ஒரு சொல்லுக்கு ஒரே பாதை அமையுமாறு அதை மாற்றியமைத்தேன். இணை வராத சொல் நேரில் முடிந்தால் அதன் முன்னே ஓரசை குறைந்த, இணை வராத எந்தச் சொல்லும் நிற்கலாம். நிரையில் முடிந்தால் அதற்கு முன் நேர் வந்தே ஆக வேண்டும்; அந்த நேருக்கு முன்னே ஈரசை குறைந்த, இணை வராத எந்தச் சொல்லும் நிற்கலாம். எனவே ஒவ்வோர் எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை: 2, 3, 5, 8, 13 என வளர்ந்து பத்தசையில் 144. சமண அறிஞர் ஹேமசந்திரர் 12ஆம் நூற்றாண்டில் வடமொழி யாப்பின் லகு (ஒரு மாத்திரை), குரு (இரண்டு மாத்திரை) கணக்கில் கண்ட அதே வரிசை! 1024இல் 144 போக மீதி 880.

இப்போது தூக்கத்தைக் கெடுப்பது வேறொன்று. ஆட்டோமேட்டனை இப்படித் திருத்திவிடலாம். அடைப்புக்குறிகள் போல ஒன்றுக்குள் ஒன்று பொதிந்த மொழிகளுக்கு இலக்கணம் (சொற்களை உருவாக்கும் விதிகள்) எழுதும்போது ஒரே சொல் இருவிதமாகப் பகுபட்டால் அதே இரட்டை எண்ணிக்கை திரும்பிவிடும். முதல் அடைப்பு எங்கே மூடுகிறது என்று பார்த்துப் பிரித்தால் அடைப்புகளுக்குத் தீர்வு கிடைக்கிறது: ஒன்று முதல் நான்கு ஜோடி அடைப்புகளுக்கு முறையே 1, 2, 5, 14 சொற்கள். ஆனால், கையில் கொடுத்த எந்த இலக்கணத்துக்கும் இக்குறை உண்டா இல்லையா என்று சொல்லிவிடும் பொதுச் செய்முறை இல்லவே இல்லை என்பது நிறுவப்பட்ட செய்தி. அப்படியானால் நான் இதுவரை எண்ணியவற்றில் எத்தனை 2304கள் ஒளிந்திருக்கின்றனவோ!

பழைய கடிதத்தில் அந்த எண்ணை அடித்து 880 என்று எழுதிவிடு. மூர்த்தியிடம் காட்டாதே.

அன்புடன்,
தேமா